பேட்டரிக்கு முழு மார்க், போட்டுக்கொடுத்த கடைக்குக் கிடையாது

நண்பர் ஒருவர் போன் செய்து, "உன் வண்டியில போட்ட பேட்டரி எப்படி இருக்கு, நானும் அதையே போடவா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. போட்டபிறகு இரண்டு கோடை தாண்டிவிட்டது. நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில்தான். பானெட்டுக்குள் வேகிற வேக்காட்டில் நான்கு வருஷம் ஓடினாலே நல்ல பேட்டரி. இது ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டாலும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. காலையில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14 சொச்சம். இரண்டும் சரியான அளவுதான்.

என் கோபமெல்லாம் மாற்றிய அன்று நடந்ததன் மேல்தான். கடையிலிருந்து வந்த தம்பி வேலையில் கெட்டி. நெகட்டிவை முதலில் கழற்றினார், கடைசியில் மாட்டினார். டெர்மினலில் பூத்திருந்த பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி, வாசலின் தடவினார். பழசை எடுத்துக்கொண்டு, வாரண்டி கார்டில் சீல் குத்திக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். இனி என்னென்ன ரீசெட் செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மாலையே டிரைவர் பக்கக் கண்ணாடி மக்கர். பட்டனை ஒரு இழு இழுத்தால் தானாக மேலே போய் மூடிக்கொள்கிற கண்ணாடி, கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. திரும்ப இழுத்தால் இன்னும் கொஞ்சம். மால் பார்க்கிங்கில் டோக்கன் வாங்கும்போது நல்ல மழை, பின்னால் ஹார்ன், வலது கை பட்டனிலேயே இருக்க, ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சட்டைக் கை முழுக்க ஈரம்.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், "மோட்டார் போயிருக்கும் சார், ஸ்கேன் போட்டாத்தான் தெரியும்" என்றார்கள். வண்டியில் ஸ்கேனர் கருவியை மாட்டிக் கோளாறு பார்ப்பதுதான் ஸ்கேன். ஸ்கேனுக்குத் தனிக் காசு. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டோவில் ஏறும் கண்ணாடி, இடையில் விரல் மாட்டினால் கீழே இறங்க வேண்டும். அதற்கு, ஜன்னலின் மேல்விளிம்பு எங்கே இருக்கிறது என்பது அதன் நினைவில் இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கரண்ட் போனதும் அது அழிந்துவிட்டது. பாதுகாப்புக்காக ஆட்டோ வேலை நின்றுவிட்டது. என் வண்டியில் சாவியை ஆனில் வைத்து, கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு பட்டனை இழுத்துப் பிடித்து, மேலே போய் முட்டியபிறகும் இரண்டு மூன்று விநாடி விடாமல் பிடித்தேன். சரியாகிவிட்டது. வண்டிக்கு வண்டி முறை கொஞ்சம் மாறும். இது ஓனர்ஸ் மேனுவலிலேயே இருக்கிறது, ஆனால் பேட்டரி பகுதியில் இல்லை, ஜன்னல் பகுதியில் இருக்கிறது. யார் அங்கே போய்த் தேடுவார்கள்?

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன், சராசரி மைலேஜ் எல்லாம் பூஜ்யத்துக்குப் போகும். சிக்னலில் ஏசி போட்டு நின்றால் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், ஆடலாம். பத்து நிமிஷம் ஏசி இல்லாமலும் பிறகு ஏசியோடும் சும்மா ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி சிஸ்டத்தின் மஞ்சள் விளக்கு எரிந்தால், வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினால் பல வண்டிகளில் அணைந்துவிடும். சில ஆடியோ செட்டுகள் கோட் கேட்கும். கோட் எழுதிய அட்டையை முதலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள வண்டிக்கு, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிதான் போட வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்து வண்டியின் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும். அங்கே ஸ்கேன் காசு கேட்டால் கொடுக்கலாம். ஒரு ஜன்னல் பட்டனுக்குக் கேட்பது அநியாயம்.

இத்தனை நல்லது சொல்லிவிட்டு, நண்பரிடம் அந்தக் கடைக்குப் போகவே வேண்டாம் என்றேன். வேறு கடையில் இருநூறு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கிக் காட்டியபிறகு காசைக் கொடுங்கள் என்றேன்.