கியூனி ஏசாப் ரிவ்யூ: பஸ் பாஸைக் காட்டி டிகிரி வரைக்கும் இழுத்துட்டுப் போற ப்ரோக்ராம்

ரேட்டிங்கை மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4. ஏசாப்ங்கறது கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்தவங்களைப் பாதில விடாம டிகிரி முடிக்க வெக்கறதுக்கு கியூனி நடத்தற ப்ரோக்ராம். என் அக்கா பையன் இந்த ப்ரோக்ராம்லதான் படிச்சு முடிச்சான், பக்கத்துல இருந்து பாத்ததை வெச்சும் இதைப் பத்தி வந்த ஆராய்ச்சி ரிப்போர்ட்டைப் படிச்சதை வெச்சும் எழுதறேன். நியூயார்க் சிட்டில இருக்கற நம்ம ஆளுங்களுக்குத்தான் நேரா யூஸ் ஆகும், மத்தவங்க சும்மா படிச்சு வைங்க, ஏன்னா இதே ஐடியாவை வேற ஸ்டேட்லயும் காப்பி அடிச்சிருக்காங்க.

தெரியாதவங்களுக்கு: கியூனிங்கறது நியூயார்க் சிட்டியோட கவர்ன்மெண்ட் யுனிவர்சிட்டி, அதுக்குக் கீழ ஏழு கம்யூனிட்டி காலேஜ் இருக்கு. ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, அதை முடிச்சு நாலு வருஷ காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகிக்கலாம். ஃபுல் டைம் படிச்சா லோக்கல் ஆளுக்கு வருஷ ட்யூஷன் 4,800 டாலர்தான், ப்ரைவேட் காலேஜ் கேக்கற காசோட பாத்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா நம்ம வீடுகள்ல கம்யூனிட்டி காலேஜ்னாலே மூஞ்சி சுருங்கும். எங்க அக்கா, "ஊர்ல கேட்டா எந்த காலேஜ்னு சொல்றது, டேய்"ன்னு அதுக்கே ஒரு வாரம் பொலம்புனா. அட, அதுவா பிரச்சனை? சேர்றதுல பிரச்சனையே இல்ல, சேர்ந்தவங்க முடிக்க மாட்டேங்கறாங்க, அதான் பிரச்சனை. ரெண்டு வருஷ டிகிரிக்கு மூணு வருஷம் டைம் குடுத்துப் பாத்தாலும் பாதிப் பேர் கூட தேறறதில்ல.

ஏன் விடறாங்கன்னா, மண்டையில சரக்கு இல்லாம இல்ல. எங்க பையன் மொதல்ல வேற ஒரு ஊர்ல ஒரு காலேஜ்ல சேர்ந்தான், பேர் வேணாம். ப்ளேஸ்மெண்ட் டெஸ்ட் வெச்சு ரெமீடியல் மேத்ஸ்ல, அதாவது ஸ்கூல் கணக்கையே திரும்பச் சொல்லிக் குடுக்கற க்ளாஸ்ல, தள்ளிட்டாங்க, அதுக்கு ஃபீஸ் உண்டு ஆனா டிகிரிக்கு க்ரெடிட் கெடயாது, அதுல ஃபெயில், அடுத்த செமஸ்டர் என்ன எடுக்கணும்னு கேக்கப் போனா அட்வைசர் ஆபீஸ்ல பெரிய க்யூ, இவனுக்கோ சாயந்தரம் ஃபார்மசில ஷிஃப்ட், சரி அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டான், அந்த அப்புறம் வரவே இல்ல. யாரும் இவனை வெளிய அனுப்பல, இவனும் நான் படிப்பை விடறேன்னு யார்கிட்டயும் சொல்லல, அடுத்த செமஸ்டருக்கு ரிஜிஸ்டர் பண்ணல, அவ்ளோதான் கதை. இவன் மாதிரி விட்டவங்க பாதிப் பேர் கதை இப்படித்தான் இருக்கும்.

ஏசாப் இந்த எடத்துலதான் கை வைக்குது. 2007ல ப்ளூம்பெர்க் மேயரா இருந்தப்போ ஆரம்பிச்சது. ஃபைனான்ஷியல் எய்டு போக ட்யூஷன்ல துண்டு விழுந்தா அதை அவங்க கட்டிடுவாங்க, புக்ஸுக்கு உதவி, மாசா மாசம் சப்வே பஸ் பாஸ், ட்யூட்டரிங், வேலை தேட ஆள், எல்லாத்துக்கும் மேல உங்களுக்குன்னு ஒரு அட்வைசர். பதிலுக்கு நீங்க செமஸ்டருக்கு 12 க்ரெடிட் எடுத்து ஃபுல் டைம் படிக்கணும், அட்வைசரைப் பாக்கணும். எல்லாரும் ஃப்ரீ பாஸ் ஃப்ரீ புக்குன்னு அதையே பேசறாங்க, என்னைக் கேட்டா அதெல்லாம் தூண்டில் புழு. விஷயம் அந்த அட்வைசர்தான்.

பாஸை சும்மா தூக்கிக் குடுத்துட மாட்டாங்க. அட்வைசர் மீட்டிங் போயிருந்தாத்தான் பாஸ். பையன் மாச ஆரம்பத்துல ஒழுங்கா கெளம்பிப் போவான், "மாமா, இன்னிக்கு மிஸ் பண்ணா கார்டு வராது, நடந்துதான் போணும்"பான். அப்போ மெட்ரோகார்டு, இப்ப சப்வே பஸ் ஓட்டற எம்டிஏவே ஓம்னிங்கற தட்டிட்டுப் போற கார்டுக்கு மாறியாச்சு, 2025ல கூட மாசப் பாஸ் 132 டாலர். பத்தொம்பது வயசுப் பையனுக்கு 132 டாலர்ங்கறது பெரிய காசு, அதுக்காகவே போவான். அங்க போய் உக்காந்தா அட்வைசர் அந்தம்மா சும்மா விடுமா? லேப் ரிப்போர்ட் குடுத்தியா, மேத்ஸ் க்விஸ்ல என்ன மார்க், ட்யூட்டரைப் பாத்தியா, ஷிஃப்ட் எத்தன மணிக்கு முடியுதுன்னு ஒண்ணு விடாம கேக்கும். ஒரு தடவை ஃப்ளூ வந்து ஒரு வாரம் காலேஜுக்குப் போகல, அந்தம்மாவே ஃபோன் பண்ணி, எந்த ப்ரொஃபசருக்கு மெயில் போடணும்னு சொல்லி, அவன் மெயில் போட்டானான்னு மறுநாள் செக்கும் பண்ணுச்சு. பழைய காலேஜா இருந்தா அந்த ஒரு வாரமே அவனுக்கு செமஸ்டர் முடிஞ்ச மாதிரிதான்.

ஒரு அட்வைசருக்கு எத்தனை பசங்கங்கறதுதான் இதுல சூட்சுமம். எம்டிஆர்சின்னு ஒரு ஆராய்ச்சி நிறுவனம் பிஎம்சிசி, கிங்ஸ்பரோ, லகார்டியா மூணு காலேஜ்ல இதை டெஸ்ட் பண்ணாங்க, அப்போ ஏசாப் அட்வைசருக்கு 60ல இருந்து 80 பேர், அதே காலேஜ்ல சாதா அட்வைசருக்கு 600ல இருந்து 1,500 பேர் வரைக்கும். ஆயிரம் பேரை வெச்சிருக்கறவங்க உங்க பேரை எப்படி ஞாபகம் வெச்சுக்குவாங்க சொல்லுங்க, பாவம் அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க. மொத செமஸ்டர்ல எல்லாரையும் மாசம் ரெண்டு தடவை வரச் சொல்லி, அப்புறம் யாருக்கு எவ்ளோ உதவி தேவைன்னு பிரிச்சுக்கிட்டாங்க, நல்லாப் போறவனைக் கொஞ்சம் லூசா விட்டு தடுமாறறவனைக் கிட்ட புடிச்சு வெச்சுக்கற மாதிரி.

அந்த டெஸ்ட்டும் ஏனோதானோன்னு பண்ணதில்ல. 896 பசங்களைக் குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு ஏசாப், பாதிப் பேருக்கு வழக்கமா காலேஜ்ல கெடைக்கறது மட்டும். எல்லாருமே ரெமீடியல் க்ளாஸ் தேவைப்பட்ட பசங்க, அதாவது எங்க பையன் மாதிரி. மூணு வருஷத்துல டிகிரி வாங்குனவங்க ஏசாப்ல 40%, மத்ததுல 22%. ரிசல்ட் 2015ல வந்துச்சு. கிட்டத்தட்ட டபுள். படிப்பு விஷயத்துல ஏதாவது திட்டம் போட்டா மூணு நாலு பர்சன்ட் ஏறுனாலே கொண்டாடுவாங்க, அந்தக் கணக்குல இது பெருசு.

செலவு ஆகத்தான் செய்யும். மூணு வருஷத்துல ஒரு ஸ்டூடெண்டுக்கு வழக்கத்தை விட சுமார் 16,300 டாலர் அதிகம், அறுபது பர்சன்ட்டுக்கு மேல. அதைக் கேட்டதும் என் ஃப்ரெண்ட் ஒருத்தர், "நம்ம டாக்ஸ்ல பஸ் பாஸ் குடுக்கறாங்களா"ன்னு எகிறுனார். ஆனா மொத்தச் செலவை டிகிரி வாங்குனவங்க எண்ணிக்கையால வகுத்துப் பாத்தா ஒரு டிகிரிக்கு ஆன செலவு இதுலதான் பத்து பர்சன்ட்டுக்கு மேல கம்மி. படிக்க வெச்சு பாதில விட்டுட்டுப் போனவனுக்கு ஆன செலவும் நம்ம டாக்ஸ்தானே, அந்தக் கணக்கை மட்டும் ஏன் சார் யாரும் கேக்கறதில்ல?

நியூயார்க்ல சப்வே இருக்கறதால ஓடுது, மத்த ஊர்ல ஓடாதுன்னும் சொன்னாங்க. ஒஹாயோல மூணு காலேஜ்ல, சின்சினாட்டி ஸ்டேட், கயஹோகா, லொரெய்ன் கவுண்டில, இதையே பண்ணாங்க. அங்க பஸ்ஸை நம்பி இருக்கறவங்க கம்மி, அதனால பாஸுக்குப் பதிலா கேஸுக்கும் மளிகைக்கும் மாசம் 50 டாலர் கிஃப்ட் கார்டு, அதுக்கும் அட்வைசரைப் பாக்கணும். மூணு வருஷ ரிசல்ட் 35%, மத்தவங்க 19%. ஆக பாஸோ கார்டோ ஏதோ ஒண்ணு, வரவெக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும்.

சேரப் போறவங்க ஒரு கணக்கைப் போட்டுப் பாத்துக்கோங்க. டிகிரிக்கு 60 க்ரெடிட். செமஸ்டருக்கு 12ன்னா நாலு செமஸ்டர்ல 48தான் வரும். ஃபுல் டைம்தானே படிக்கறோம், ரெண்டு வருஷத்துல முடிஞ்சிரும்னு நெனச்சீங்கன்னா ஒரு செமஸ்டர் இடிக்கும். அதுக்குத்தான் வின்டர்லயும் சம்மர்லயும் க்ளாஸ் எடுக்கச் சொல்லி அட்வைசர் நச்சரிப்பாங்க, எடுத்துருங்க. எங்க பையன் ஜனவரி குளிர்ல மூணு வாரம் ஒரே ஸ்டாடிஸ்டிக்ஸைப் படிச்சு நொந்து போனான், ஆனா ஒரு சப்ஜெக்ட் ஒழிஞ்சுது. ரிஜிஸ்ட்ரேஷன்லயும் ஏசாப் பசங்களுக்கு முன்னுரிமை உண்டு, ஷிஃப்ட்டுக்குத் தோதான டைம்ல க்ளாஸ் கெடைக்கறது இதனாலதான், சும்மா சொல்லக்கூடாது, பாஸை விட எனக்கு இதான் புடிச்சுது.

ஸ்டாடிஸ்டிக்ஸ்னதும் ஞாபகம் வருது, ரெமீடியல் தொல்லையும் கியூனில இப்ப ஒழிஞ்சுது. அல்ஜீப்ரா ரெமீடியல்ல போட்ட பசங்க 39% பாஸ், அதே லெவல் பசங்களை நேரா காலேஜ் ஸ்டாடிஸ்டிக்ஸ்ல போட்டு கூட ஒரு வொர்க்‌ஷாப் வெச்சா 56% பாஸ், இது அவங்களே பண்ணுன டெஸ்ட், 2016ல வெளிவந்தது. கஷ்டமான க்ளாஸ்ல அதிகம் பேர் பாஸ்! க்ரெடிட் இல்லாத க்ளாஸ்ல எவனுக்கு மனசு ஒட்டும்? அந்தப் பழைய ரெமீடியல் க்ளாஸை எல்லாம் 2022ஓட நிறுத்திட்டாங்க.

சரி, ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, ஃபுல் டைம் கண்டிஷனுக்கு. கொழந்தையை வெச்சுக்கிட்டு நாள் முழுக்க வேலைக்கும் போற அம்மா 12 க்ரெடிட் எடுக்க முடியுமா? காலேஜை அதிகமா பாதில விடறது அவங்கதான், ஆனா கதவு அவங்களுக்குத் தெறக்கல. அதே மாதிரி ஏற்கனவே 15 க்ரெடிட்டுக்கு மேல வெச்சிருந்தா எடுக்க மாட்டாங்க, ஜிபிஏ 2.0க்குக் கீழ இருந்தாலும் கெடயாது, எல்லா மேஜரும் (மெயின் சப்ஜெக்ட்) லிஸ்ட்ல இல்ல, சேரறதுக்கு முன்னாடி உங்க மேஜர் இருக்கான்னு காலேஜ் வெப்சைட்ல பாத்துக்கோங்க. பாதில விட்டவனைத் திரும்பக் கூப்பிட இது சரிப்படாது, எங்க பையன் ரெமீடியல்ல மாட்டி க்ரெடிட்டே சேக்காததால தப்பிச்சான், என்ன கூத்து பாருங்க.

25ல இருந்து 55 வயசுக்குள்ள இருந்து இதுவரைக்கும் டிகிரி இல்லாதவங்களுக்கு ஸ்டேட் 2025 ஃபால்ல இருந்து ரீகனெக்ட்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கு, டிமாண்ட் இருக்கற ஃபீல்ட்ல அசோசியேட் டிகிரின்னா ட்யூஷன், புக்ஸ் எல்லாம் ஃப்ரீ. அக்கா அதுக்கு அப்ளை பண்ணலாமான்னு இப்ப கேட்டுக்கிட்டிருக்கா, ஊர்ல என்ன சொல்றதுங்கற கவலையெல்லாம் போயாச்சு போல.

எச்4 (எச்1பில இருக்கறவங்களோட குடும்பத்துக்குக் குடுக்கற விசா)ல இருக்கறவங்க நெறைய பேர் கேக்கறீங்க: சென்ட்ரல் கவர்ன்மெண்ட் குடுக்கற பெல் கிராண்ட் உங்களுக்குக் கெடயாது, ஸ்டேட் குடுக்கற டாப் உதவியும் பெரும்பாலும் கெடயாது, ட்யூஷன் துண்டு விழறதை ஏசாப் கட்டறதும் எய்டு வாங்கறவங்களுக்குத்தான். நீங்க ரெசிடென்சி ப்ரூஃப் குடுத்து லோக்கல் ரேட் வாங்குனா க்ரெடிட்டுக்கு 210 டாலர், அதுல ஒண்ணு ரெண்டு க்ளாஸா எடுத்துப் பாருங்க.