கட்டுகிற சாமியாரா, படியேறி வருகிற சாமியாரா?

ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகுகள் கடலில் இறங்கும் அதே வாரத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக்குப் புதுச் சாமியாரும், அதாவது பங்குத்தந்தையும், வருகிறார். வலை கிழிசல் பார்க்கிற இடத்திலும் டீக்கடையிலும் இப்போது அதே பேச்சுதான். "மணிக்கூண்டை முடிச்சுக் குடுப்பாரா?" என்று சிலர் கேட்கிறார்கள். "வீட்டுக்கு வருவாரா?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். அடுத்தடுத்து வந்த இரண்டு சாமியார்களிடம் இரண்டு மாதிரியையும் பார்த்தவர்கள் நாங்கள். அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் வந்தவர் கட்டினார். ஒழுகிக்கொண்டிருந்த கோயில் கூரை அவர் காலத்தில்தான் சரியானது. மாதா சுரூபம் வைக்கிற குகை போன்ற கெபி, சமுதாயக்கூடம், திருவிழாவுக்கு வருகிற பெண்களுக்குக் கழிப்பறை, எல்லாம் அவர் செய்தவை. பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்துக்கு மண்டப வாடகை கொடுக்காமல் இன்றைக்கு நாங்கள் சமாளிப்பதும் அவரால்தான். இதை மறந்து பேசினால் அது நன்றிகெட்ட பேச்சு.

ஆனால் அந்தக் கட்டடத்துக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போட்ட தலைக்கட்டு வரியைத் தடைக்காலத்திலும் கேட்டார். வரி பாக்கி இருந்த வீட்டுக்குக் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க மறுத்தார். என் சின்னம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்து, அந்த ரசீதோடு போய் நின்ற பிறகுதான் மகளுடைய ஓலை கோயிலில் வாசிக்கப்பட்டது. பணமில்லை என்பதற்காக ஏழைக்கு ஞானஸ்நானம், கல்யாணம் போன்ற திருவருட்சாதனத்தின் உதவி கிடைக்காமல் போகக் கூடாது என்று 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 848-ஆம் பிரிவு சொல்கிறது. சின்னம்மாவுக்கு அது தெரியாது. சாமியாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காது வெறுமையாக இருக்க, மகள் கல்யாணத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர் பின்வரிசையில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் நடந்தார். சாயங்காலப் பூசை முடிந்ததும் ஒரு தெரு. எந்த வீட்டிலும் வாசலோடு நிற்கமாட்டார். "ஆத்தா, ஒரு செம்பு தண்ணி குடுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கால் கிழிந்து கிடந்த பெண்ணின் வீட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து போனார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்த வீட்டு ஆள் எந்தப் படகில் போகிறார், யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும்.

அந்த நோட்டின் அருமை ஒரு ராத்திரியில் தெரிந்தது. எங்கள் ஊர்ப் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. படகில் யார் யார் இருந்தார்கள் என்று ஆளுக்கொரு பேர் சொல்லிக்கொண்டிருந்தபோது சாமியார் நோட்டைப் பிரித்துப் படித்தார். அப்புறம் விடியும்வரை பிடிபட்ட ஒருவரின் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தார். பிரசங்கம் எதுவும் இல்லை. இரண்டு தடவை ஜெபமாலை சொன்னார். காலையில் பெண்களைக் கூட்டிக்கொண்டு, படகுப் பதிவு எண்ணோடு மீன்துறை அலுவலகத்துக்குப் போனார்.

அவரிடமும் குறை இருந்தது. பிரசங்கத்தைத் தாளைப் பார்த்தே வாசிப்பார், பையன்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விடுவார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை ஒழுங்காக எழுதவில்லை. சான்றிதழுக்காக என் தம்பி அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. மணிக்கூண்டு பாதியில் நிற்பதும் அவர் காலத்தில்தான்.

கணக்கு விஷயத்தில் இரண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அதே திருச்சபைச் சட்டம், பிரிவு 1287. முன்னவர் ஒரு தாள்கூட ஒட்டியதில்லை. பின்னவர் மாதத்தின் முதல் ஞாயிறு, மெழுகுதிரி, கரண்ட் பில் வரைக்கும் வாசித்துவிடுவார்.

இவர்களோடு சபை பாஸ்டரையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஊர்க்கோடியில் ஓலைக்கொட்டகையில் தனிச்சபை நடத்துகிறவர். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வந்து தலையில் கை வைத்து ஜெபிப்பார். எங்கள் சாமியார்கள் பலரிடம் இல்லாத குணம் அது. ஆனால் சனம் வருமானத்தில் பத்தில் ஒன்றாகக் கொடுக்கிற தசமபாகம் எங்கே போகிறது என்று கேட்க அங்கே குழு கிடையாது, மாற்றலும் கிடையாது. நல்லவராக இருக்கும்வரை சரி. மாறிப்போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

என் கணக்கு இதுதான். கட்டுவதை நாங்களே செய்துகொள்ளலாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் ஊரில் கொத்தனார் இருக்கிறார், கணக்கு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பதிவேட்டைக் கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தருகிற உபதேசியார் எழுதலாம். சாவு வீட்டில் சாமியாருக்குப் பதில் யாரை உட்கார வைப்பது? குடும்பங்களைப் போய்ப் பார், அவர்களின் கவலையிலும் துக்கத்திலும் பங்கெடு என்று பங்குத்தந்தையின் கடமையாக 529-ஆம் பிரிவு சொல்வதும் இந்த வேலையைத்தான். 1693-இல் ஓரியூரில் விசுவாசத்துக்காக வெட்டுப்பட்ட சேசு சபைச் சாமியார் புனித அருளானந்தர் இந்த மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்தவர். அவரைக் கும்பிடுகிற சனம், நடக்கிற சாமியாரைக் கேட்பதில் தப்பே இல்லை.

இந்தத் தடவை வரவேற்புக்கு அம்மா ஒரு வேலை செய்திருக்கிறார். சால்வைக்கு வசூலித்த காசில் ஒரு சின்ன நோட்டு வாங்கி, சாமியார் முதல் மாதத்தில் போக வேண்டிய வீடுகளை எழுதியிருக்கிறார். மொத்தம் பதினான்கு வீடு. முதலில் இருப்பது தெற்குத் தெருக் கடைசி வீடு. மகன் போன படகு கரை திரும்பாததால் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஆத்தா அங்கே இருக்கிறார். பக்கத்தில் அம்மா குறித்திருக்கிறார்: "சாயங்காலம் போகவும். காது கேட்காது, கிட்ட உட்கார்ந்து பேசவும்."