ஜாப்ஸ்கோ கழிப்பறை கைப்பம்பு சர்வீஸ் கிட்: நம்பி வாங்கலாம்

பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்களுக்கு இன்ஜின் ஒரு நாள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கழிப்பறை பம்பு ஓடியாக வேண்டும். மலேசியாவின் லங்காவித் தீவில் நங்கூரம் போட்டு வாழும் எங்களுக்கு, ஜாப்ஸ்கோ நிறுவனக் கைப்பம்பின் ரப்பர் பாகங்களை மாற்றுவதற்கான இந்த உதிரிபாக கிட் கிடைத்ததில் பெரிய நிம்மதி.

கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்தால் குழாய்க்குள் சுண்ணாம்பு போலக் காரை படியும். வெளியே போனது திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி ரப்பர் வால்வுக்கு ஜோக்கர் வால்வு என்று பெயர். காரை அதன் ரப்பர் உதட்டில் ஒட்டிக்கொண்டால் வாய் முழுதாக மூடாது. வெளியேற்றிய தண்ணீர் மெல்லத் திரும்பி வந்து கோப்பையில் நிற்கும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. முதலில் வாங்கிய வேறொரு மலிவு கிட்டில் ரப்பர் விறைப்பாக இருந்தது, சரியாக உட்காரவே இல்லை. ஜாப்ஸ்கோவின் அசல் கிட்டில் எல்லாம் அளவாகப் பொருந்தியது. கைப்பிடி இப்போது ஒரு விரலுக்கே இறங்குகிறது!

வேலையைத் தொடங்கும் முன் படகின் அடியிலுள்ள கடல்நீர் வால்வுகளை மூடிவிடுங்கள். அப்புறம், வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் சரி. காரை படியாமலிருக்க அவ்வப்போது வினிகர் ஊற்றி இரவு முழுக்க விட்டுவைக்கலாம்.

2008-க்கு முந்தைய பம்புக்கும் பிந்தையதற்கும் கிட் வேறு வேறு, பார்த்து வாங்குங்கள். ஜோக்கர் வால்வு மட்டும் கூடுதலாக ஒன்று எடுத்து வையுங்கள், முதலில் கெடுவது அதுதான்.