விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

உங்கள் பெயரிலோ கடை பெயரிலோ விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது போன் செய்தால், பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். "உங்கள் வெப்சைட் லிங்க்கை விக்கிப்பீடியாவில் பல இடங்களில் போடுகிறோம், கூகுளில் முதல் ஆளாக வருவீர்கள்" என்றாலும் அதேதான். என் தாய்மாமாவை இப்படித்தான் ஏமாற்றினார்கள். பணம் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சேதம் அவர் பெயருக்கும், பல வருடம் பாடுபட்டு அவர் உருவாக்கிய இணையதளத்துக்கும் வந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இப்படிப்பட்டவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஏமாற்றும் வழி மட்டும் மாறுவதில்லை. அந்த வழியைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமா டெல்டாவில் பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, கருப்புக் கவுனி என்று விதைநெல் வைத்திருக்கிறார். கொஞ்சம் அரிசியும் அவலும் விற்கிறார். அவருடைய இணையதளத்தில் விற்பனைப் பக்கம் ஒரு மூலைதான். மீதி எல்லாம் குறிப்புகள். எந்த நெல் எந்தப் பட்டத்துக்கு (விதைக்கும் பருவத்துக்கு) ஒத்துவரும், எது தண்ணீர் தேங்கினால் தாங்கும், எது சாயும் என்று தன் வயலில் பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு விதை கேட்டு வருகிறவர்கள் உண்டு.

அவர்மேல் பிரியமுள்ள ஒரு பையன் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு வரைவு எழுதிச் சமர்ப்பித்தான். பரிசீலித்தவர்கள் ஏற்கவில்லை. போதுமான சான்றுகள் இல்லை என்று காரணமும் சொல்லியிருந்தார்கள். அது நியாயமான பதில். ஆனால் ஏற்கப்படாத வரைவுகள் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் அங்கே இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்த ஆட்கள் வலை வீசுகிறார்கள். வரைவில் இணையதள முகவரி இருந்தது, இணையதளத்தில் போன் நம்பர் இருந்தது.

"ஐயா, உங்களைப் பற்றிய கட்டுரையை விக்கிப்பீடியாவில் ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். நான் அங்கே சீனியர் எடிட்டர். முறைப்படி போட்டால் நிச்சயம் நிற்கும்" என்று ஒருவர் பேசினார். 35,000 ரூபாய் பேக்கேஜ். பாதி முன்பணம், பாதி பக்கம் வந்தபிறகு. கூடவே 'பேக்லிங்க்', அதாவது மாமாவின் தளத்துக்கு வரும் இணைப்புகளை விக்கிப்பீடியாவில் போடுவது, இலவசம்.

பக்கம் வந்தது. லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், மாமா திறந்து பார்த்தார், மீதிப் பணத்தை அனுப்பிவிட்டார். ஆனால் கூகுளில் தேடினால் அந்தப் பக்கம் வரவில்லை. கேட்டதற்கு, "கூகுள் அப்டேட் ஆக டைம் எடுக்கும் ஐயா" என்றார்கள். உண்மை அது இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை ஒன்றைத் தன்னார்வலர் ஒருவர் சரிபார்க்க வேண்டும், இல்லையென்றால் 90 நாள் கழிய வேண்டும். அதுவரை அந்தப் பக்கத்தைத் தேடுபொறிகள் எடுக்காதபடி வைத்திருப்பார்கள். இது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். சரிபார்க்க ஆள் வருவதற்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

கட்டுரையைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 'தமிழ்நாட்டுப் பாரம்பரிய நெல்லின் தந்தை' என்று எழுதியிருந்தார்கள். மாமா வாங்காத ஒரு விருதும், அவருக்கு யாரும் தராத ஒரு கௌரவ டாக்டர் பட்டமும் அதில் இருந்தன. சான்று என்று காட்டியவற்றில் இரண்டு, காசு கொடுத்துப் போடுகிற விளம்பரச் செய்திகள். இன்னொன்று மாமாவின் சொந்தத் தளம். படம் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் எடுத்தது. அதைத் தான் எடுத்ததாகச் சொல்லி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றியிருந்தார் அந்த ஆள். ஊரில் ஒருவர், "என்ன, டாக்டர் ஆகிவிட்டீர்களாமே" என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். ஒரு விதையைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லத் தயங்குகிற மனிதர் அவர். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்துக்கும் 'வரலாறு' என்று ஒரு பகுதி உண்டு. யார், எந்த நிமிடம், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அதில் அப்படியே இருக்கும். ஒரு பயனரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் 'பங்களிப்புகள்' என்பதைத் தட்டினால் அவர் செய்தவை வரிசையாக வரும். கட்டுரையை உருவாக்கிய கணக்கின் பட்டியலை நான் திறந்து பார்த்தேன். முதல் பத்துத் தொகுப்புகள், அதாவது திருத்தங்கள், எங்கோ இருக்கிற ஊர்களைப் பற்றிய கட்டுரைகளில். ஒன்றில் காற்புள்ளி சேர்த்திருக்கிறது, இன்னொன்றில் இடைவெளியை நீக்கியிருக்கிறது. அங்கே ஒரு கணக்கு நான்கு நாள் கடந்து, பத்துத் தொகுப்புகளும் செய்துவிட்டால், பரிசீலனைக்கு அனுப்பாமலே நேரடியாகக் கட்டுரை போட முடியும். அதற்குத்தான் இந்தக் காற்புள்ளிகள். பதினொன்றாவது தொகுப்பு மாமாவின் கட்டுரை.

அதற்குப் பிறகுதான் 'இலவச' வேலை ஆரம்பித்திருக்கிறது. அரிசி வகைகள் பற்றிய கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் 'வெளி இணைப்புகள்' பகுதியில் மாமாவின் விற்பனைப் பக்கத்தைச் சொருகியிருந்தார்கள். தொகுப்புச் சுருக்கத்தில் எல்லா இடத்திலும் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்ற ஒரே குறிப்பு. அப்புறம் வேறு வேறு கணக்குகளிலிருந்து தமிழ், மலையாளம், தெலுங்கு விக்கிப்பீடியாக்களிலும் அதே இணைப்பு. சர்க்கரை நோய் தொடர்பான ஒரு கட்டுரையில், கருப்புக் கவுனி அரிசி சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு வரியைச் சேர்த்து, அதற்குச் சான்றாக மாமாவின் தளத்தைக் காட்டியிருந்தார்கள். மாமா தன் தளத்தில் எங்குமே அப்படிச் சொன்னதில்லை. "சர்க்கரைக்கு நல்லதா?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றுதான் சொல்வார். மருந்து, நோய் பற்றிய செய்திகளுக்கு விக்கிப்பீடியாவில் சான்று விதி இன்னும் கடுமையானது. அந்த வரியில்தான் மாட்டினார்கள்.

இதில் இன்னொரு கொடுமை, அந்த இணைப்புகளால் கூகுள் தரவரிசையில் அவர்கள் சொன்ன பலனும் கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியா 2007-லேயே தன் வெளி இணைப்புகள் எல்லாவற்றிலும் 'நோஃபாலோ' என்ற குறியைச் சேர்த்துவிட்டது. தரவரிசைக் கணக்கில் இந்த இணைப்பைச் சேர்க்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. விளம்பர இணைப்புகளை ஒட்டிக்கொண்டே இருந்தவர்களின் தொல்லை தாங்காமல்தான் அதைக் கொண்டுவந்தார்கள். தேடுபொறியில் தளங்களை முன்னுக்குக் கொண்டுவருகிற எஸ்இஓ தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே விற்கிறார்கள்.

சில வாரத்தில் அடுத்த போன் வந்தது. "ஐயா, உங்கள் பக்கத்தைச் சிலர் டார்கெட் செய்கிறார்கள். மாதம் 4,000 கொடுத்தால் நாங்கள் காவல் பார்த்துக்கொள்கிறோம்." மாமா என்னிடம் விஷயத்தைச் சொன்னது இந்தக் கட்டத்தில்தான். நான் பேசினேன். "உங்கள் பயனர் பெயர் என்ன? பணம் வாங்கித் தொகுப்பதைப் பயனர் பக்கத்தில் அறிவித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். லைன் துண்டிக்கப்பட்டது. அதன்பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை.

இது அவர்கள் கண்டுபிடித்த புது வித்தையும் அல்ல. 2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'ஆரஞ்ச்மூடி' என்ற பெரிய மோசடி வெளியே வந்தது. அந்தக் கும்பலில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கணக்கின் பெயர் அது. ஏற்கப்படாத வரைவுகளைத் தேடிப் பிடிப்பது, எழுதியவர்களையும் சிறு தொழில் செய்பவர்களையும் கலைஞர்களையும் தொடர்புகொள்வது, காசு வாங்கிக் கட்டுரை போடுவது, பிறகு பக்கம் அழியாமல் காப்பதற்கு மாதாமாதம் பணம் கேட்பது என்று எல்லாமே எங்களுக்கு நடந்தது போலத்தான். வேறு வேறு ஆட்கள் போலக் காட்ட ஒரே கும்பல் வைத்திருந்த 381 கைப்பாவைக் கணக்குகளைத் தடை செய்தார்கள், 210 கட்டுரைகளை நீக்கினார்கள். அதற்கு முன்பு 2013-ல், விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனம் தொடர்பாக 250-க்கும் மேற்பட்ட கணக்குகள் பிடிபட்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வக்கீல் நோட்டீஸ் வரை போனது. 2014 ஜூனில் பயன்பாட்டு விதிகளிலேயே மாற்றம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு தொகுக்கிறவர், யாருக்காகத் தொகுக்கிறார், பணம் யார் தருகிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்வது விதிமீறல். நான் போனில் கேட்ட கேள்விக்கு ஆதாரம் இதுதான்.

கட்டுரை நிற்கும் என்று உத்தரவாதம் தர அங்கே யாராலும் முடியாது. விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை லாப நோக்கம் இல்லாதது. அது கேட்பது நன்கொடை மட்டும்தான், அதைக் கொடுத்தால் பக்கம் கிடைக்காது. நிர்வாகிகளும் நம்மைப் போல வேலை வெட்டிக்கு நடுவே வந்து உழைக்கிற தன்னார்வலர்கள்தான். அவர்களும் ஒரு கட்டுரைக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். புறம்போக்கு நிலத்துக்குப் போலிப் பட்டா காட்டி விற்பது மாதிரியான வேலை இது. விற்கிறவனுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை, கடைசியில் இடிபடுவது வாங்கியவன் வீடு.

மாமாவுக்கு இடிபட்டது இதெல்லாம். கட்டுரையை விளம்பரம் என்று நீக்கிவிட்டார்கள். அந்தத் தலைப்பில் சாதாரணப் பயனர்கள் யாரும் மறுபடி கட்டுரை உருவாக்க முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டார்கள். நீக்கல் பதிவு பொதுவெளியில் இருக்கிறது, அதில் இருப்பது மாமாவின் பெயர். காசு வாங்கியவன் பெயர் எங்கும் இல்லை. பல மொழிகளில் இணைப்பை ஒட்டியதால், மாமாவின் தளம் எல்லா விக்கிமீடியா திட்டங்களுக்கும் பொதுவான தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. இனி அந்த முகவரியைச் சேர்த்து எந்தப் பக்கத்தையும் சேமிக்க முடியாது. பூங்கார் நெல்லைப் பற்றி நாளைக்கு ஒருவர் நேர்மையாக எழுத வந்து, மாமாவின் வயல் குறிப்பைக் காட்ட நினைத்தாலும் முடியாது. விக்கிப்பீடியாவின் அதே மென்பொருளில் ஓடுகிற வெளித் தளங்களும் இந்தப் பட்டியலை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதால், சேதம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வழியில்லை.

இதற்கு நான் விக்கிப்பீடியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் இத்தனை கணக்குகளில் வந்து குப்பை கொட்டினால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி, சம்பளம் இல்லாத கைகளால் வளர்ந்தது. அந்தக் கைகளில் சில, எங்கள் விஷயத்தில் இணைப்புகளைத் தேடித் தேடி நீக்குவதில் நேரத்தைச் செலவழித்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஒரு நல்ல கட்டுரை எழுதியிருக்கலாம். அது எனக்குப் பெரிய வருத்தம்.

தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்று பொதுவாகப் பேச ஒரு பக்கம் உண்டு. அங்கே நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலிருந்து எனக்கு விளங்கியது இது: ஒருவரைப் பற்றிக் கட்டுரை வர வேண்டுமானால், அவரோடு சம்பந்தமில்லாத நம்பகமான பத்திரிகைகளோ நூல்களோ அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். குறிப்பிடத்தக்கமை என்று அங்கே சொல்வது அதைத்தான். பாரம்பரிய நெல் ரகங்களைச் சேகரித்துக் காத்த நெல் ஜெயராமனைப் பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதின, அதனால் அவரைப் பற்றி எழுத வருகிறவருக்குச் சான்று கிடைக்கிறது. மாமாவைப் பற்றி அப்படி இன்னும் யாரும் எழுதவில்லை. அதனால் அவர் உழைப்பு குறைந்துவிடாது, கட்டுரைக்கு நேரம் வரவில்லை, அவ்வளவுதான். வெளி இணைப்பு என்பதே தப்பும் இல்லை. ஒரு நிறுவனம் பற்றிய கட்டுரையில் அதன் அதிகாரபூர்வத் தளம் இருக்கலாம். நெல் ரகம் பற்றிய கட்டுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் இருக்கலாம். அரிசி வாங்கும் பக்கத்துக்கு அங்கே வேலை இல்லை. உங்களைப் பற்றி ஏற்கெனவே கட்டுரை இருந்து அதில் பிழை இருந்தால், பேச்சுப் பக்கத்தில் "இது என்னைப் பற்றிய கட்டுரை" என்று சொல்லிவிட்டுத் திருத்தம் கேட்கலாம், அதற்குக் காசு வேண்டாம்.

இன்னொரு யோசனையும் ஒருவர் சொன்னார். மாமா தன் வயலில் எடுத்த கதிர், நெல்மணிப் படங்களைத் தன் பெயரிலேயே காமன்ஸில் கொடுக்கலாம். நல்ல படம் இல்லாத நெல் ரகங்கள் நிறைய இருக்கின்றனவாம். மாமாவுக்கு அது பிடித்திருக்கிறது. காட்டுயானம் கதிரைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார்.

பணத்துக்கு 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுத்திருக்கிறோம். இந்த மாதிரி ஏமாந்தால் அந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்கள். தாமதித்தால் பணத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பணம் அனுப்பிய விவரம், அவர்கள் காட்டிய பக்கத்தின் முகவரி, அதை உருவாக்கிய பயனர் பெயர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பக்கம் நீக்கப்பட்டபிறகு அதன் வரலாற்றை நிர்வாகிகளைத் தவிர மற்றவர்கள் பார்க்க முடியாது. நான் முன்பே எடுத்து வைத்ததால்தான் புகாரோடு சேர்க்க முடிந்தது. ஸ்டுடியோக்காரரின் படத்தை நீக்கச் சொல்லிக் கேட்டோம், நீக்கிவிட்டார்கள். தளத்தைத் தடைப்பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி, யார் செய்தது, எப்படி நடந்தது என்று முழுவதும் எழுதி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. இதே மாதிரி "சீனியர் எடிட்டர்" என்று சொல்லி உங்களையும் யாராவது கூப்பிட்டிருந்தால், அவர் சொன்ன தொகையையும் பேசிய விதத்தையும் கீழே எழுதுங்கள், புகாருக்கு உதவும்.