அப்பாவின் சதுரக் காசும் பச்சைக் களிம்பும்

ஜூன் விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் கிளம்பும்போது இரண்டு வேலைதான் மனதில் இருந்தது: பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது, தேக்காவில் வயிறாரச் சாப்பிடுவது. பாஸ்போர்ட் விண்ணப்பம் இணையத்திலேயே முடிந்தது. மிச்ச நாட்களை அப்பாவின் நாணய ஆல்பம் எடுத்துக்கொண்டது.

ஈசூன் வீட்டு அலமாரியில் முப்பது வருடமாகக் கிடந்த ஆல்பம். திறந்ததும் புது ரெயின்கோட்டைப் பிரித்த மாதிரி வாடை. பக்கங்கள் பிசுபிசுவென்று ஒட்டின. பிரிட்டிஷ் காலத்து 1919ஆம் ஆண்டின் சதுர ஒரு காசில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. "புளி போட்டுத் தேய்த்தால் போயிடும், இங்கே கொடு" என்றார் அத்தை. நல்லவேளை, அப்பா தரவில்லை. தேய்த்தால் களிம்போடு காசின் மேல்தோலும் போய்விடும். சேகரிப்பவர்கள் அதைச் சீந்த மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் பிவிசி, அந்த ஆல்பத் தாள்களின் பிளாஸ்டிக். அதை வளையும்படி மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் வருடக்கணக்கில் கசிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வருகிறது. செம்பு கலந்த நாணயம் என்றால் பச்சை படிந்துவிடும். 1967இல் வந்த கடல்குதிரை பத்துக் காசும் வாள்மீன் இருபது காசும் செம்பு-நிக்கல்தான், அவையும் தப்பவில்லை.

நகரில் நான் போன முதல் கடையில் "ரொம்பப் பாதுகாப்பானது" என்று ஒரு ஆல்பத்தை நீட்டினார்கள். என்ன பிளாஸ்டிக் என்று கேட்டேன். "நல்ல பிளாஸ்டிக்" என்றார்கள். சரி என்று ஒரு தாள் மட்டும் வாங்கி வந்து ஓரத்தை நறுக்கித் தண்ணீரில் போட்டேன். நாணயத்தைக் கெடுக்காத பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் என்றால் மிதக்கும், இது மூழ்கியது. ஆனால் நல்லதென்று பெயரெடுத்த மைலாரும் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) மூழ்கும், அதனால் இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அப்புறம் ஜன்னலைத் திறந்துவிட்டு, செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்தத் துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டினேன். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. நறுக்கிய தாளுக்குப் பணம் திருப்பித் தர மறுத்தார்கள். அதிலே குறை சொல்ல முடியாது. "பாதுகாப்பானது" என்றதில்தான் எனக்குக் கோபம்.

இரண்டாவது கடை அங்கிள் விலை பேசுவதற்கு முன்பே "என்ன நாணயம், எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது. 1903ஆம் ஆண்டு வெள்ளி டாலருக்கும் 1907ஆம் ஆண்டு டாலருக்கும் ஒரே அளவு கேப்சூல், அதாவது நாணயத்தை மூடி வைக்கும் வட்ட பிளாஸ்டிக் கூடு, சரிவராது, பின்னது சின்னது. சதுரக் காசு வட்டக் கேப்சூலில் ஆடி ஆடி முனை தேயும். அதற்கு மைலார் ஜன்னல் வைத்த அட்டைச் சட்டம் கொடுத்தார். அடித்த ஸ்டேப்ளர் ஊசியைக் குறடால் தட்டையாக்கச் சொன்னார். இல்லையென்றால் பக்கத்துக் காசைக் கீறிவிடுமாம். சட்டங்களைச் செருகப் பாலிப்ரோப்பிலீன் தாள்கள். உறையில் பிளாஸ்டிக்கின் பெயரே அச்சாகியிருந்தது.

களிம்புக்குச் சுத்தமான அசிட்டோன் வாங்கினேன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் இருக்கும், அது உதவாது. அடுப்பை அணைத்து, காற்றோட்டமான இடத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற வைத்தோம், தேய்க்கவில்லை. பிசுபிசுப்பு போனது. அரித்த இடம் அரித்ததுதான்: ராஜாவின் கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குழி அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஆல்பம் மட்டும் போதாது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி அப்பாவுக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. காற்றுப் புகாத டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வாங்கினோம். பொட்டலம் நிறம் மாறினால் மாற்றவேண்டும் என்று டப்பா மூடியில் எழுதி ஒட்டினேன்.

பழைய ஆல்பத்தைத் தூக்கிப்போட அப்பா விடவில்லை. நான் கிளம்பிய அன்று காலை அதில் பழைய டெலிபோன் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.