பவுடர் பூசி விற்ற ரேடியோ: பழைய சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

அப்பாவுக்குச் சிற்றலை கேட்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அவருக்காகச் சென்னையில் ஒரு கடையில் பழைய சிற்றலை ரேடியோ வாங்கினேன். மேலே மெத்தென்று ரப்பர் பூச்சு உள்ள மாடல். கடையில் தொட்டுப் பார்த்தபோது காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்த சில நாளிலேயே பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா எடுத்தால் விரல் ரேகை அப்படியே பதிகிறது, துண்டின் நூலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பட்டன் இடுக்கில் குச்சி விட்டு நோண்டினேன். வெள்ளையாக வந்தது, முகத்துக்குப் போடும் பவுடர்! வாசனைகூடப் போகவில்லை. ஒட்டுவது தெரியாமலிருக்கப் பூசி, துடைத்து விற்றிருக்கிறார்கள்.

திருப்பிக் கொண்டுபோனால், "உங்க கை வியர்வை பட்டிருக்கும் சார், கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்கிறார் கடைக்காரர். பணமும் தரவில்லை.

இது சில நாள் வியர்வையில் வருகிற கோளாறே இல்லை. இந்தப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற ஒரு வகை பிளாஸ்டிக். காற்றிலுள்ள ஈரம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அறுந்த துண்டுகள்தான் பிசினாக ஒட்டுகின்றன. வெயிலும் கை எண்ணெயும் அதை வேகப்படுத்தும். கடலோரப் புழுக்கத்தைக் கேட்கவே வேண்டாம். தொடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும். அதனால் 'டப்பா பிரிக்காத சரக்கு' என்று சொன்னாலும் மயங்காதீர்கள். இந்தப் பூச்சு உள்ள லேப்டாப் மூடி, பைனாகுலர், மவுஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கெட்ட பூச்சு திரும்பச் சரியாகாது, வழித்து எடுக்கத்தான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற, துடைக்கப் பயன்படும் ஸ்பிரிட்டைப் பருத்தித் துணியில் நனைத்துத் தேய்த்தேன். கறுப்புக் கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தது. அடியில் நல்ல கெட்டி பிளாஸ்டிக் இருக்கிறது. ஆனால் பூச்சின் மேல் அச்சடித்த எழுத்துகளும் சேர்ந்து போய்விடும், முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓரமாக ஒரு இடத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கடைக்குப் போகும்போது ஈரத்துணி ஒன்று எடுத்துப் போங்கள். கடைக்காரர் முன்னாலேயே ஒரு மூலையை நன்றாகத் துடைத்து, காய்ந்ததும் கட்டைவிரலைச் சற்று நேரம் அழுத்தி எடுங்கள். ஒட்டினால் வழித்தெடுக்கும் வேலையையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். இடுக்கில் பவுடர் தெரிந்தால் அந்தக் கடையில் எதையுமே வாங்காதீர்கள்.