எம்.சி.ஆர். செருப்போடு ஆறு வருஷம்

2019 மாசி மாசம். சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி பத்தரைக்குக் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசல் விளக்கைப் போட்ட என் மனைவி, "ஏங்க, இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது காலில் மட்டும் செருப்பு. வலது கால் வெறுங்கால். அடியில் மண்ணும் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறும் அப்பிக் கிடக்கிறது. எங்கே கழன்றது, எத்தனை தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு இப்படி ஒரு கோலமா என்று ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் கடைக்குப் போகிற வழியில் செருப்பு கிடைத்துவிட்டது. விஷயத்தை அதோடு மறந்துவிட்டேன்.

அப்போது எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். மாத்திரை ஒழுங்காகப் போடுவேன், ரத்தப் பரிசோதனை மட்டும் தோன்றும்போது. கொஞ்ச நாளாகவே பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது, ராத்திரியில் பாதம் எரியும். வயசு ஐம்பதைத் தொடுகிறதே, அதுதான் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

மாசாமாசம் கார்த்திகைக்குச் சுவாமிமலைக்கு வெறுங்காலோடு நடந்து போவது எங்கள் அப்பா காலத்து வழக்கம். அந்த வருஷம் கத்திரி வெயில் நேரத்திலும் போனேன். விடியற்காலை கிளம்பி, அறுபது படியும் ஏறி, தரிசனம் முடித்துத் திரும்பும்போது மணி பதினொன்று. தார் ரோடு பளபளவென்று உருகிக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் துள்ளித் துள்ளி ஓரத்து நிழலைத் தேடினார்கள். நான் மட்டும் நடு ரோட்டில் நிதானமாக வந்தேன். "அண்ணனுக்கு முருகன் அருள்" என்று ஒருத்தர் சொன்னார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் என் அம்மாதான் கண்டுபிடித்தது. "டேய், பாயில என்னடா ஈரம்?" வலது கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில், கொப்புளம் உடைந்து பழைய எட்டணாக் காசு அகலத்துக்குக் குழி. தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. மெல்லிசாக ஒரு நாற்றம். வலி? துளிகூட இல்லை. டாக்டரிடமும் அதை ஒரு நல்ல செய்தி மாதிரிச் சொன்னேன். "வலிக்கவே இல்ல மேடம்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "வலிச்சிருந்தா நீங்க அன்னைக்கே வந்திருப்பீங்க."

அப்புறம் அந்தச் சோதனை. பேனா மாதிரி ஒரு பிடி, முனையில் மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தம் கொடுத்தால் வளைகிற இழை அது. "கண்ண மூடிக்குங்க ஐயா. நான் தொடறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லணும்." மூடிக்கொண்டு காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்கிறது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். இந்த அம்மா இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்று கண்ணைத் திறந்தால், இழை என் பாதத்தில் வளைந்து நிற்கிறது. "ஏழு இடம் பாத்தாச்சு" என்றார். பிறகு அதிர்வு பார்க்கிற கருவியை வைத்தார்கள். அதிர்வை 25 வோல்ட்டுக்கு மேல் கூட்டினால்தான் தெரிகிறது என்றால், அடிபட்டால் எச்சரிக்கிற உணர்வு காலில் போய்விட்டது என்று அர்த்தமாம். எனக்கு 34.

புண்ணுக்கு மருந்து போடுவார்கள் என்று நினைத்துப் போனவனுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். புண்ணுக்கு மேல் மாவுக்கட்டா என்று கேட்காதவர் இல்லை. காரணம் எளிது. அந்தக் குழியின் மேல் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை இறங்குகிறது. எடை இறங்குகிறவரை எந்த மருந்தும் பிடிக்காது. கட்டு அந்த எடையைப் பாதம் முழுக்கவும் முழங்கால் வரையும் பிரித்துக் கொடுக்கிறது. வாரா வாரம் பிரித்துப் பார்த்து மறுபடி போட்டார்கள். ஒன்பது வாரத்தில் குழி மூடியது. மூடிய அன்றே டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு.

எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே பொடிப்பொடியாகக் காற்றறைகள் இருக்கிற ரப்பர். சாதாரண ஸ்பான்ஜ் நாலு மாசத்தில் தட்டையாகிவிடும், இது அமுங்கி எழுந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே கெட்டியான ரப்பர் அடி; முள்ளும் ஆணியும் ஏறாமல் இருப்பதற்கு. விரலிடுக்கில் வார் கிடையாது. மேலே அகலமான ரெண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார், எல்லாம் வெல்க்ரோ. அந்தப் பின்வாரைப் பார்த்தபோதுதான் மாசி மாச ராத்திரி ஞாபகம் வந்தது. மரத்த கால் செருப்பை விரலால் பிடித்துக்கொள்ளாது, கழன்றாலும் சொல்லாது.

இந்தச் செருப்புக்கு ஒரு கதை உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காகப் புழக்கத்துக்கு வந்தது இது. அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று எடுத்துக் காட்டியவர். 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவரும் கூட இருந்தவர்களும் செய்த வேலைதான் பின்னால் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் வந்து சேர்ந்தது. என் காலில் போட்ட மாவுக்கட்டு முறை பரவியதிலும் அவர்கள் பங்கு பெரிது.

கதை பெருமையானதுதான். ஆனால் என் கடைக்கு வந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "தம்பி, இது அந்த வியாதிக்காரங்க போடறதுல்ல?" என்று கேட்டபோது முகம் சுண்டிப்போனது. ரெண்டு வாரம் செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிறையப் பேர் இந்தச் செருப்பை வாங்கியும் போடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது பல நிறம், பல மாடல் வந்துவிட்டது. என் ரெண்டாவது ஜோடியிலிருந்து பார்க்கச் சாதாரண சாண்டல் மாதிரிதான்.

இனி செருப்பைப் பற்றி. ஆறு வருஷத்தில் வெளியே போட அஞ்சு ஜோடி ஆயிற்று. முதல் ஜோடி 1,100 ரூபாய், கடைசியாக வாங்கியது 1,650. அளவு கொடுக்கச் சாயங்காலம் போங்கள். காலையில் கொடுத்த அளவில் என் முதல் ஜோடி, கால் வீங்கிய பிறகு பட்டை பதிகிற மாதிரி ஆகிவிட்டது. புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போடக்கூடாது. ஒரு மணி நேரம், கழற்றிச் சிவப்பு இருக்கிறதா பார், மறுநாள் ரெண்டு மணி நேரம். "கடிக்குதா?" என்று செருப்புக்கடைப் பையன் கேட்டால் நம் கால் பதில் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. கனம். ஐப்பசி மழையில் நனைந்தால் காய ரெண்டு நாள். வெயிலில் வைத்தால் பட்டை விறைத்துவிடும், நிழலில்தான் காய வைக்க வேண்டும். வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்து ஏழெட்டு மாசத்தில் பிடி தளர்கிறது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் இன்னும் ரெண்டு மாசம் ஓடும். ரப்பரின் ஆயுளைப் பார்க்கக் கட்டைவிரல் மேடு படுகிற இடத்தை அமுக்கிப் பார்ப்பேன். அமுக்கியது எழவில்லை என்றால் முடிந்தது, மேல்பட்டை எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி. எனக்கு ஒரு வருஷம், வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே.

பழுது பார்ப்பதில் ஒரு பாடம். மூன்றாவது ஜோடியில் பட்டை பிய்ந்து, தெருமுனையில் தைக்கக் கொடுத்தேன். அவர் அன்பாகத் தைத்து, உறுதிக்கு என்று ரெண்டு சின்ன ஆணியும் அடித்துக் கொடுத்தார். இந்த வகைச் செருப்பில் ஆணியே ஆகாது, பசையும் தையலும்தான். நல்ல வேளை, போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிற பழக்கம் அதற்குள் வந்திருந்தது. ஒரு முனை லேசாகத் தலைநீட்டியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இதுவரை கிடைத்தவை: புளியங்கொட்டை, பேரனின் பொம்மைக் கார் சக்கரம், ஒரு முறை உயிரோடு பல்லி.

ஆனால் இந்தச் செருப்பின் உண்மையான எதிரி ரப்பரும் இல்லை, வெல்க்ரோவும் இல்லை. வாசல்படி. ஒரு நாளில் எத்தனை இடத்தில் செருப்பைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன். வீடு, கடை, கோயில், பக்கத்துக் கடைக்காரர் வீட்டுத் திண்ணை, பல் டாக்டர் கிளினிக். காலையிலிருந்து ராத்திரி வரை செருப்பு காலில் இருந்தது நாலு மணி நேரத்துக்குக் கீழே! ஆயிரம் ரூபாய்ச் செருப்பு நாளெல்லாம் வாசலில் காவல் காக்கிறது, கால் உள்ளே வெறுமனே அலைகிறது.

எனக்குப் பாத்திரக்கடை. லட்சுமி இருக்கிற இடம் என்று தாத்தா காலத்திலிருந்து யாரும் உள்ளே செருப்புப் போட்டதில்லை. சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிற மிஷின் உள்ளேதான் இருக்கிறது. எவர்சில்வர் சிராய் சட்டென்று கண்ணுக்குத் தெரியாத மாதிரி தெறிக்கும். 2020ல் ஒரு நாள் மனைவி, குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி என்று ஊசியால் நெருட, அரை அங்குலச் சுருள் வெளியே வந்தது. எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ. அதற்கு மறுநாள் கடைக்கென்று தனி ஜோடி வாங்கினேன். தெருவைத் தொடாத செருப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் கழற்றி மாட்டுவேன், பூஜை படத்துக்குக் கிட்டே போக மாட்டேன். வாடிக்கையாளர் ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். வியாபாரம் குறையவில்லை.

கடையில் இன்னொன்றும் மாறியது. மெத்தையில் சம்மணம் போட்டு உட்காருவது. இடது கணுக்காலின் வெளிமுட்டில் கருப்பாகக் காய்த்திருந்ததை டாக்டர் பார்த்ததும், "தரையில உக்காந்து வியாபாரமா?" என்று கேட்டுவிட்டார். அங்கே தோலுக்குக் கீழே எலும்புதான், மரத்த காலில் அதுவும் புண்ணாகும் என்றார். இப்போது நாற்காலி.

வீட்டில்தான் போராட்டம். அம்மாவுக்கு எண்பது தாண்டியாயிற்று. "வீட்டுக்குள்ள செருப்பா? அதுவும் அடுப்படியில?" மூன்று மாசம் பேச்சே இல்லை. நான் விளக்கிப் பார்த்தேன், மகன் விளக்கிப் பார்த்தான். எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் சீசாமூடிச் சில்லு ஒன்று அம்மா காலிலேயே குத்தி, "அம்மாடி!" என்று கத்திவிட்டு, அப்படியே என் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூஜை அறைக்கு மட்டும் நான் கழற்றுகிறேன், அதற்கு முன் மனைவி பெருக்கி வைத்துவிடுவாள்.

கோயில் இன்னும் முழுசாகத் தீரவில்லை. வெயில் நேரத்தில் பிராகாரக் கல்லில் கால் வைப்பதில்லை, அவ்வளவுதான். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவேன், தடியான வெள்ளைப் பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு. வெள்ளை ஏன் என்றால், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும். ஒரு கோயிலில் சாக்ஸையும் கழற்றச் சொன்னார்கள். வாதாடாமல் கொடிமரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். சுவாமிமலைக்கு இன்றும் கார்த்திகைக்கு நடந்துதான் போகிறேன். அடிவாரம் வரை எம்.சி.ஆர்., அறுபது படிக்கு மட்டும் சாக்ஸ், திரும்புவது பஸ்ஸில். வேண்டுதலை மீறுகிறாயே என்றவர்கள் உண்டு. கட்டைவிரலோடு நடக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வேண்டுதல்.

ராத்திரி படுக்கும் முன் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைக் காட்டிப் பார்ப்பேன். கண் சரியாகத் தெரியாத நாளில் மனைவி பார்ப்பாள். விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவேன். தேங்காய் எண்ணெய் பாதத்துக்கும் குதிகாலுக்கும் மட்டும். இடுக்கில் தடவினால் ஊறிச் சேற்றுப்புண் வரும். நகம் நேராக, ஓரத்தைத் தோண்டாமல். வெந்நீரில் கால் ஊற வைப்பதை நிறுத்திவிட்டேன், குளிக்கிற தண்ணீரின் சூட்டைக்கூட முழங்கையால்தான் பார்ப்பேன். காலாணிக்கு மருந்துக்கடையில் விற்கிற பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கிற அமிலத்துக்குக் காலாணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. என் அக்காவுக்கும் சர்க்கரை. வீங்கிய விரலில் மெட்டி பதிந்து தோல் உரிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கழற்ற மனசில்லாமல் கழற்றினாள். இன்னொன்று கேட்டால் சிரிப்பீர்கள்: மரத்த காலை ராத்திரியில் எலி கடித்தாலும் தெரியாது. நான் கட்டுப் பிரிக்கக் காத்திருந்த வரிசையில் அப்படி ஒருவர் இருந்தார். அன்றிலிருந்து கொசுவலைக்குள்தான் படுக்கை.

செருப்பு உணர்வைத் திருப்பித் தராது. போன மாசம் பார்த்தபோது 36 வோல்ட். மூன்று மாசச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற எச்பிஏ1சி 9.4ல் இருந்து 7.2க்கு இறங்கியும் கால் பழையபடி ஆகவில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் இன்னொரு குழி விழவில்லை. எல்லா ஜோடியையும் கூட்டினால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. மாவுக்கட்டோடு இருந்த அந்த ஒன்பது வாரத்துக்கு ஆன செலவு, கடையை மூடி வைத்ததையும் சேர்த்தால், அதைப்போல ஆறு மடங்கு.

இப்போது அஞ்சாவது ஜோடியில் வலது செருப்பை அமுக்கினால் எழுந்திருக்க யோசிக்கிறது. புது ஜோடிக்கு அளவு கொடுக்க வருகிற சனிக்கிழமை தஞ்சாவூர் போக வேண்டும். சாயங்காலமாகத்தான்.